ஊர்ப் பணம், ஆலைச் சலுகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு நகரில் பதினொரு ஆண்டுகளாக வீடு வாங்கிக் குடியிருக்கிறோம். எங்கள் நகர மன்றம் புதிதாக வரவிருக்கும் தரவு மையம் ஒன்றுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குச் சொத்துவரியை முழுமையாகத் தள்ளுபடி செய்யப் போகிறது. அடுத்த மாதம் வாக்கெடுப்பு. எங்கள் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளி பெரும்பாலும் இந்தச் சொத்துவரியில்தான் நடக்கிறது. ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்றால் ‘இன்னும் இறுதியாகவில்லை’ என்கிறார்கள். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்களாம். வெளிநாட்டிலிருந்து வந்தவன் எழுந்து பேசலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. என்ன கேட்பது? — ஒஹாயோவிலிருந்து ஒரு வாசகர்.

பதில்: வரி கட்டுகிற ஒருவர் அந்த வரி எங்கே போகிறது என்று கேட்பதற்கு, அவர் எங்கே பிறந்தார் என்பது ஒருபோதும் தடையாகாது, ஆகவே தயங்காமல் எழுந்து பேசுங்கள். என்ன கேட்பது என்பதற்கு விடையாக, உங்கள் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மவுண்ட் பிளசன்ட் என்ற ஊருக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தும் அந்த ஒரே ஊரின் அனுபவத்துக்குள் இருக்கின்றன.

விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்றது) உள்ள அந்த ஊரில் சுமார் 27,000 பேர் வாழ்கிறார்கள். 2017ஆம் ஆண்டு ஜூலையில், தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் விஸ்கான்சினில் 1,000 கோடி டாலர் முதலீட்டில் பெரிய தொலைக்காட்சித் திரைகள் செய்யும் ஆலை அமைக்கும் என்றும், 13,000 பேருக்கு வேலை கிடைக்கும் என்றும் வெள்ளை மாளிகையிலேயே அறிவித்தார்கள். ஆலைக்கு மவுண்ட் பிளசன்ட் தேர்வானது. மாநில அரசு ஏறத்தாழ 300 கோடி டாலர் அளவுக்குச் சலுகை தர ஒப்புக்கொண்டது. சொன்ன வேலைகள் அத்தனையும் வந்தால்கூட ஒரு வேலைக்கு இரண்டே கால் லட்சம் டாலருக்கு மேல் பொதுப்பணம் செல்லும் கணக்கு அது. மாநிலச் சட்டமன்றத்தின் நிதி ஆய்வு அலுவலகம், எல்லாம் திட்டப்படி நடந்தாலும் போட்ட பணம் அரசுக்குத் திரும்பி வர 2043ஆம் ஆண்டாகும் என்று அப்போதே எழுதிக் கொடுத்தது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் மசோதாவை நிறைவேற்றினார்கள்.

பலரும் மாநிலத்தின் 300 கோடியைப் பற்றித்தான் பேசினார்கள். ஊருக்கு வந்த சுமையோ வேறொரு வழியில் வந்தது. மாநிலத்தின் சலுகையில் பெரும்பகுதி, நிறுவனம் ஆள் சேர்த்து, முதலீடும் செய்து காட்டிய பிறகே கிடைக்கும் வரிக்கழிவு. மவுண்ட் பிளசன்டும் ரசீன் கவுன்ட்டியும் ஒப்புக்கொண்டவை அப்படியல்ல. நிலம் வாங்கவும் சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் அமைக்கவும் ஆலை எழும்புவதற்கு முன்பே செலவழித்தாக வேண்டும். அந்த உள்ளூர்ப் பொறுப்பு ஏறத்தாழ 76 கோடி டாலர். கடன் வாங்கித்தான் அதைச் செய்தார்கள்.

அந்தக் கடனை அடைக்க அவர்கள் கையாண்ட முறையைத் தாங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் இது அமெரிக்க ஊர்கள் பலவற்றில் வழக்கத்தில் உள்ளது. ஒரு வயல் இன்று ஆண்டுக்கு 100 டாலர் சொத்துவரி தருவதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பணத்தைப் பள்ளியும் கவுன்ட்டியும் ஊரும் பங்கிட்டுக்கொள்கின்றன. அங்கே ஆலை எழுந்து வரி 1,000 டாலரானால், பழைய 100 டாலர் வழக்கம்போல எல்லோருக்கும் போகும். கூடுதலாக வந்த 900 டாலர், ஆலைக்காக ஊர் வாங்கிய கடனுக்கு மட்டுமே போகும். கடன் தீரும்வரை பள்ளிக்கு அதில் பங்கு கிடையாது. ஆலை வராவிட்டால் 900 டாலரும் வராது, ஆனால் கடன் மட்டும் நிற்கும்.

நிலம் எடுத்த விதம் இன்னும் வருத்தம் தருவது. மக்காச்சோளமும் சோயாவும் விளைந்த வயல்களுக்கு ஏக்கருக்கு 50,000 டாலர் அளவுக்கு விலை கொடுத்தார்கள்; வீடுகளுக்குச் சந்தை மதிப்பில் நூற்றுக்கு நூற்று நாற்பது என்று கணக்கிட்டார்கள். தொகை தாராளம்தான். ஆனால் விற்க விருப்பமில்லாதவர்களும் இருந்தார்கள். தனியார் பயன்பாட்டுக்காக நல்ல நிலையில் உள்ள வீட்டைக் கட்டாயமாகக் கையகப்படுத்துவதை விஸ்கான்சின் சட்டம் தடுக்கிறது; ‘சீரழிந்த பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட இடத்துக்கு அந்தத் தடை இல்லை. 2018 ஜூனில் ஊர் மன்றம் சுமார் 2,800 ஏக்கரைச் சீரழிந்த பகுதி என்று தீர்மானம் போட்டது. முற்றத்துப் புல்லை வாரந்தோறும் வெட்டி, கூரை மாற்றி, கடனடைத்துப் பார்த்துப் பார்த்துக் காத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தன் வீடு சீரழிந்தது என்று தன் ஊர் மன்றமே எழுதிய தாளைப் படிக்க நேர்ந்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். அதே மாதக் கடைசியில் அமெரிக்க அதிபர் வந்து மண் அள்ளி அடிக்கல் விழாவை நடத்தினார்.

பின்னர் நடந்தது உலகறிந்தது. பெரிய திரை ஆலை சிறிய திரை ஆலையாகச் சுருங்கியது. பிறகு அதுவும் மாறியது. 2019 இறுதிக்குள் குறைந்தபட்சம் 520 பேர் வேலையில் இருந்திருக்க வேண்டும். விதிப்படி தகுதியுள்ளவர்களை எண்ணிப் பார்த்தபோது 281 பேரே இருந்தார்கள் என்று மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக் கழகம் 2020 அக்டோபரில் அறிவித்து வரிக்கழிவை மறுத்துவிட்டது. 2021 ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது: 1,454 வேலைகள், 67.2 கோடி டாலர் முதலீடு, அதற்கு அதிகபட்சம் 8 கோடி டாலர் சலுகை. மாநிலம் பெருமளவு தப்பித்துக்கொண்டதற்குக் காரணம், ‘முதலில் செய்துகாட்டு, பிறகு வாங்கிக்கொள்’ என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததுதான்.

ஊரையும் ஒரு விதி காப்பாற்றியது. ஆலை எந்த அளவில் எழுந்தாலும் எழாவிட்டாலும், 2023 ஜனவரி முதல் அந்தச் சொத்தின் மதிப்பு குறைந்தது 140 கோடி டாலர் என்று கொண்டு நிறுவனம் வரி கட்ட வேண்டும் என்று உள்ளூர் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் கடன் முழுவதும் ஊராரின் வீட்டு வரி மீதே விழுந்திருக்கும். ஆலைக்கென எடுத்த நிலத்தில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் வாங்கி, 330 கோடி டாலரில் தரவு மையம் அமைப்பதாக 2024 மே மாதம் அறிவித்தது. இதைக் காட்டி, ‘பார்த்தீர்களா, கடைசியில் நல்லதாகத்தானே முடிந்தது’ என்று இப்போது சொல்கிறார்கள். இன்னொரு நிறுவனம் வந்தது ஊரின் நல்வினை. அதை எதிர்பார்த்து எந்த ஊரும் கடன் வாங்க முடியாது.

ஆகவே உங்கள் மூன்று நிமிடத்தில், வளர்ச்சி வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சுக்குள் போகாதீர்கள். அந்த விவாதத்தில் நேரம் கரைந்துவிடும். முதலில் செலவழிப்பவர் யார், நிறுவனமா நகரமா என்று கேளுங்கள். நிறுவனம் வராமலோ பாதியில் விட்டோ போனால் குறைந்தபட்ச வரிக்கு உத்தரவாதம் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தள்ளுபடியான ஆண்டுகளில் பள்ளிக்கு ஈடாக எவ்வளவு தரப்படும் என்பதை ரொக்கத் தொகையாகச் சொல்லச் சொல்லுங்கள், விழுக்காட்டில் அல்ல. தள்ளுபடி ஒரு வரம்பைத் தாண்டினால் பள்ளி வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பது உங்கள் மாநிலச் சட்டம். ஆதலால் நகர மன்றக் கூட்டத்துக்கு முன்பே பள்ளி வாரியத்தின் கூட்டத்துக்கும் போய்வாருங்கள், பல ஊர்களில் அங்கே போகிறவர்களே இல்லை. ‘வேலை’ என்று ஒப்பந்தம் எதைச் சொல்கிறது என்பதையும் கேட்க மறவாதீர்கள். தரவு மையங்களில் கட்டுமான காலத்தில் நூற்றுக்கணக்கில் ஆள் வேண்டும். கட்டி முடிந்தபின் நிலையாக வேலை பார்ப்பவர்கள், போட்ட முதலீட்டோடு ஒப்பிட்டால் மிகச் சிலரே. பதினைந்து ஆண்டுத் தள்ளுபடியை இரண்டு ஆண்டுக் கட்டுமான வேலைக்கு ஈடாகக் கொடுத்துவிடக் கூடாது.

கேள்வி: வாக்குறுதியை மீறிய நிறுவனத்திடமிருந்து கொடுத்த சலுகையைத் திரும்பப் பெற்றதாக எங்காவது உண்டா? — மதுரை வாசகி.

பதில்: உண்டு, அதுவும் முந்தைய வாசகர் வாழும் ஒஹாயோவிலேயே. அங்கே லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் அரை நூற்றாண்டுக்கு மேல் கார் உற்பத்தி செய்த ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், நீண்ட காலம் ஆலையை நடத்துவதாக ஒப்புக்கொண்டு மாநிலத்திடமிருந்து 6 கோடி டாலருக்கு மேல் வரிக்கழிவு பெற்றிருந்தது. 2019 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. ஒப்பந்தத்தில் திரும்பப் பெறும் விதி இருந்ததால், 2.8 கோடி டாலரைத் திருப்பிக் கட்டவும், பாதிக்கப்பட்ட பகுதியின் நலனுக்கென மேலும் 1.2 கோடி டாலர் செலவிடவும் 2020 செப்டம்பரில் மாநில ஆணையம் முடிவு செய்தது. முழுத்தொகையும் வரவில்லை. ஆலையை நம்பியிருந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்து போனதை எந்தத் தொகையும் ஈடுசெய்யாது. இருந்தாலும், எழுதி வைத்ததால்தான் இதுவாவது கிடைத்தது. அந்த ஆலையைப் பின்னர் 2022இல் வாங்கியதும் ஃபாக்ஸ்கான்தான்.

கேள்வி: அமெரிக்காவில் ஊர் மன்றமே சலுகை கொடுக்கிறது. இங்கே எங்கள் ஊராட்சித் தலைவருக்கு அந்த அதிகாரமே இல்லை. தொழிற்பேட்டை ஒப்பந்தங்கள் சென்னையில் கையெழுத்தாகின்றன. அப்படியிருக்க நாங்கள் இதில் கேட்க என்ன இருக்கிறது? — காஞ்சிபுரம் மாவட்ட வாசகர்.

பதில்: தாங்கள் சொல்லும் வேறுபாடு சரியானது, கவலைக்குரியதும் அதுதான். அங்கே கொடுப்பதும் ஊர், சுமப்பதும் ஊர்; அதனால் மக்கள் கோபத்தைக் காட்ட ஒரு மன்றம் எதிரிலேயே இருக்கிறது. இங்கே கொடுப்பது மாநில அரசு, சுமப்பது ஊர். லாரி போய்ப் போய்ப் பள்ளமாகும் சாலை, ஒரே ஆண்டில் இரு மடங்காகும் வாடகை, விடுதிகள் பெருகியதால் தட்டுப்பாடாகும் குடிநீர், அள்ள ஆளில்லாத குப்பை ஆகிய யாவும் ஊராட்சியின் தலையில்.

தங்கள் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை இருந்தது. 2005இல் மாநில அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம், 2006இல் உற்பத்தி, சலுகைகளில் முக்கியமானதாக மதிப்புக் கூட்டு வரியையும் மத்திய விற்பனை வரியையும் திருப்பித் தரும் ஏற்பாடு. உச்சக்கட்டத்தில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த கிராமத்துப் பெண்கள், தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளச் சீட்டு வாங்கியவர்கள். வரித் தகராறுகள் முற்றி, கைபேசித் தொழில் வேறு கைக்கு மாறி, 2014 நவம்பர் 1ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் அதன்பின் அந்த ஆண்டு இறுதியிலேயே உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் கட்டடம் மீண்டும் வேறு நிறுவனத்தின் கைக்குப் போகும் என்ற அறிவிப்பு 2019இல்தான் வந்தது. ஐந்து ஆண்டுகள் அந்த வளாகம் ஓசையற்றுக் கிடந்தபோது, அதை நம்பி வங்கிக் கடனில் வேன் வாங்கியவரும், அறைகள் கட்டி வாடகைக்கு விட்டவரும் எந்த ஒப்பந்தத்திலும் ஒரு தரப்பாக இல்லை. அந்த ஆலை வந்தது நல்லது என்றே நான் கருதுகிறேன். மூடும் நாளைப் பற்றி ஒரு வரிகூட ஊருக்குச் சொல்லாமல் வந்ததுதான் தவறு.

ஊராட்சிக்குக் கேட்க இடமில்லை என்பதும் சரியன்று. தொழிற்சாலைக் கட்டடங்களின் சொத்துவரியும் அங்கே வேலை செய்வோர் கட்டும் தொழில் வரியும் உள்ளாட்சியின் வருவாய். ஆகவே நிலப்பகுதியைத் தொழில் நகரியம் என அறிவிக்கும் பேச்சு எழுந்தால் கூர்ந்து கவனியுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 243-க்யூ பிரிவு, அத்தகைய இடத்தில் நகராட்சி அமைக்காமல் விட ஆளுநருக்கு வழி தருகிறது. தமிழ்நாட்டில் தொழில் நகரியப் பகுதி வளர்ச்சி ஆணையத்துக்கென 1997ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் இருக்க வேண்டிய நாற்காலியில், நியமிக்கப்பட்ட ஆணையம் உட்காரும் வாய்ப்பு அதில் இருக்கிறது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் ஊரில், காந்தி பிறந்த நாள் கூட்டத்தில் ஒருமுறை உட்கார்ந்திருந்தேன். ஊராட்சியின் வரவு செலவைக் காட்டும் படிவம் 30இன் சுருக்கத்தை ஃபிளக்ஸ் பலகையில் அச்சிட்டு வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். செயலர் வரவு செலவை வாசித்துக்கொண்டே போனார். அப்போது ஒரு மூதாட்டி எழுந்து, “ஏம்ப்பா, கம்பெனி வீட்டு வரி எவ்வளவு வந்துச்சு, அதைத் தனியாப் படி” என்றார். செயலர் தாளைப் புரட்டினார். எல்லா வரியும் ஒரே தொகையாகச் சேர்த்து எழுதப்பட்டிருந்தது. தனியாகப் படிக்க அவரிடம் எதுவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் தனியாகக் காட்டுவதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்த பிறகே அந்த அம்மா உட்கார்ந்தார். தங்கள் ஊரிலும் முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

கேள்வி: நாம் சலுகை கொடுக்காவிட்டால் ஆலை அண்டை மாநிலத்துக்குப் போய்விடும் என்கிறார்களே? — கோயம்புத்தூர் வாசகர்.

பதில்: சில சமயம் போகத்தான் செய்யும். 2008இல் டாட்டாவின் நானோ கார் திட்டம் மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சானந்துக்குப் போனபோது, குஜராத் அரசு 0.1 விழுக்காடு வட்டியில் நீண்ட காலக் கடன் தர முன்வந்தது. ஆனால் சிங்கூரிலிருந்து திட்டத்தை விரட்டியது நிலப் போராட்டம். குஜராத்தின் கடன் அதற்குப் பிறகுதான் வந்தது.

எத்தனை நிறுவனங்கள் சலுகைக்காகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் திமோத்தி பார்டிக் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, நூற்றுக்கு 2 முதல் 25 வரை என்று 2018இல் மதிப்பிட்டார். அதாவது, சலுகை பெற்றவற்றுள் குறைந்தது முக்கால் பங்கு நிறுவனங்கள் சலுகை இல்லாவிட்டாலும் அங்கேயே வந்திருக்கும். துறைமுகம், மின்சாரம், பயிற்சி பெற்ற ஆட்கள், உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகள் ஆகியவற்றைத்தான் அவை முதலில் பார்க்கின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

போட்டி எவ்வளவு வீணானது என்பதற்குக் கான்சஸ் நகரம் நல்ல சான்று. அங்கே ஒரு தெருவின் இந்தப் பக்கம் மிசூரி மாநிலம், அந்தப் பக்கம் கான்சஸ் மாநிலம். வரிச் சலுகைக்காக நிறுவனங்கள் அலுவலகத்தைத் தெருவைத் தாண்டி மாற்றிக்கொண்டே இருந்தன. ஊழியர்கள் அதே வீட்டிலிருந்து அதே காரில் வேலைக்கு வந்தார்கள். புதிய வேலை எதுவும் பிறக்கவில்லை, இரு மாநிலக் கருவூலங்களும் மட்டும் வற்றின. 2019இல் இரண்டு மாநிலங்களும், எல்லைப்புற மாவட்டங்களில் ஒருவரிடமிருந்து ஒருவர் நிறுவனத்தை இழுக்கச் சலுகை தருவதில்லை என்று உடன்பட்டன. கட்சி வேறுபாடு கொண்ட இரு ஆளுநர்களால் அது முடிந்தது. தமிழ்நாடும் ஆந்திரமும் கர்நாடகமும் இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால் மூன்று மாநில மக்களுக்கும் பணம் மிஞ்சும்.

கேள்வி: ஒப்பந்த விவரம் கேட்டால் வணிக இரகசியம் என்று மறுக்கிறார்கள். வழி உண்டா? — சென்னை வாசகி.

பதில்: உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன் 8(1)(ஈ) பிரிவு வணிக இரகசியத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது; பெரிய அளவில் பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. அதைவிட வலுவானது 4ஆம் பிரிவு. மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகளையும், அரசிடம் சலுகையோ அனுமதியோ பெற்றவர்களின் விவரத்தையும் யாரும் கேட்காமலே அரசு அலுவலகம் வெளியிட வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஆகவே ‘ஒப்பந்தத்தின் நகல் தருக’ என்று மட்டும் எழுதாதீர்கள். மறுப்பது அவர்களுக்கு எளிதாகிவிடும். இன்ன நிறுவனத்துக்கு இன்ன நிதியாண்டில் திருப்பித் தரப்பட்ட வரி எவ்வளவு, மூலதன மானியம் எவ்வளவு, முத்திரைத் தீர்வையில் விலக்கு எவ்வளவு, அந்தச் சலுகைக்கு ஈடாக ஒப்புக்கொண்ட வேலைகள் எத்தனை, கடந்த மார்ச் 31 அன்று சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று தொகையையும் எண்ணிக்கையையும் கேளுங்கள். கொடுத்து முடிந்த பணத்தின் கணக்கு யாருடைய தொழில் இரகசியமும் ஆகாது. அமெரிக்காவில் உள்ளாட்சிகள் வரித் தள்ளுபடியால் இழந்த தொகையை ஆண்டுக் கணக்கிலேயே காட்ட வேண்டும் என்று அங்குள்ள அரசுக் கணக்கியல் தரநிலை வாரியம் 2015இல் விதி செய்தது. நம் ஊரில் அதை ஒவ்வொரு மனுவாகக் கேட்டுத்தான் பெற வேண்டியிருக்கிறது. மனுவைத் தொழில் துறைக்கும் வணிகவரித் துறைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், ஏனெனில் மானியம் ஒரு கோப்பிலும் திருப்பித் தந்த வரி இன்னொரு கோப்பிலும் இருக்கும். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்குக் காலக்கெடு 30 நாள். பதில் வந்தால் அதன் நகல் ஒன்றை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள்.